ஓரக் கல் கணக்கு

நண்பர் மதுரைக்கு வெளியே வீடு கட்டுகிறார். முன்கூடம் வட்டம், விட்டம் 14 அடி. அதில் ஆத்தங்குடித் தளக்கல் பதிக்க அவருக்கு ஆசை. ஊரில் ஒரு கடைக்காரர், "154 சதுர அடி வருது சார். ஒரு அடிக் கல்லா 160 எடுத்துக்கங்க, தாராளம்" என்று முடித்துவிட்டார். கல் செய்கிற இடத்திலேயே கேட்டுவிடுவோம் என்று காரைக்குடி பக்கம் ஆத்தங்குடிக்கே கிளம்பினோம்.

154 தப்பில்லை. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் சொல்கிற வழியும் அதுதான்: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். 22 பெருக்கல் 7.

ஆத்தங்குடியில் நாங்கள் போன பட்டறை ஓர் ஓட்டுக்கொட்டகை. பெரியவர் ஒருவர் கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ வடிவத் தகடு அச்சை இறக்கினார். ஒவ்வோர் அறையிலும் சின்னக் கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் கூழ் விழுந்தது. பிறகு அச்சை மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகத் தூக்கினார். கை சாய்ந்தால் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். ஓடவில்லை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, கலவையை அப்பி மட்டம் பார்த்தார். இதற்குச் சூளை கிடையாது. காய்ந்த பின் சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும். கண்ணாடி பட்ட முகம்தான் வழவழப்பாக வருகிறது.

எங்கள் கணக்கைக் கேட்டதும், "பூக் கல்லா, வெறுங்கல்லா தம்பி?" என்றார். பூக் கல் என்றோம். தரையில் சாக்பீஸால் கால் வட்டம் வரைந்து அடிக்கொரு கட்டம் போட்டார். வட்டத்தின் நடுவில் நாலு கல்லின் மூலை கூடுவதாக வைத்துக்கொண்டார். "முழுசா உள்ள நிக்கிறது 30. கோட்டுல மாட்டுறது 13. ஆக 43. நாலால பெருக்குங்க." 172! அதில் 52 கல்லை வெட்டியாக வேண்டும். வெறுங்கல் என்றால் வெட்டிய மிச்சத்தை இன்னோர் ஓரத்தில் சொருகலாம். "பூ ஒட்டாது தம்பி." உடைசலுக்கும் சேர்த்து 180 என்றார்.

கடைக்காரர் சொன்ன 160-ஐ வாங்கியிருந்தால் என்ன ஆகும்? பத்துப் பதினைந்து கல் குறையும். மறுபடி பட்டறைக்குச் சொல்லி அனுப்புவார்கள். கைக்கலவை என்பதால் முந்தைய நிறம் அப்படியே வராது. அதைக் கொண்டுவர வண்ணத்தைக் கூட்டிக் குறைத்து, காயவைத்துப் பார்க்க வேண்டும். கூலியோ கல்லுக்கு இவ்வளவு என்று. நிறம் தேடும் நேரத்துக்குக் காசு கிடையாது. கணக்கைக் கோட்டைவிட்டவர் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, அதற்கு வட்டி கட்டுவது பட்டறைப் பெரியவர். "நிறம் சேரலையே" என்ற பழியும் இவர் தலையில்தான். சதுர அடிக்கு விலை வைத்து விற்கிற இடைத்தரகர் ஒரு கால் வட்டம் வரைந்து பார்க்கக் கூடாதா? பரப்பளவு தெரிந்தவருக்கு ஓரம் தெரிவதில்லை. ஓரத்தில்தான் உழைப்பவரின் கூலி கரைகிறது.

வட்டமாகத் தளம் போட நினைப்பவர்கள் கட்டத்தாளில் கால் வட்டம் வரைந்து, கோடு தொடும் கட்டங்களையும் எண்ணுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். முடிந்தால் பட்டறைக்கே போய்ச் சொல்லுங்கள்.