குடம் பொருந்தினால் சக்கரம் உருளும்

நம் ஊர்களில் வண்டிச் சக்கரம் செய்த ஆசாரிகள் முதலில் குடத்தைக் கடைந்து, அதற்கேற்பவே ஆரக்கால்களைச் செருகினர். மலைச் சைக்கிளுக்கும் குடமாகிய ஹப்பே முதன்மையானது என்பதைச் சுனாபட்டியில் வாழும் நாங்கள் சென்ற மழைக்காலத்தில் நன்கு உணர்ந்தோம்.

நாள்தோறும் சைக்கிளிலேயே வேலைக்குச் செல்லும் எங்கள் மூத்த மகனின் வண்டியில் பின்சக்கரத்து ஹப் தேய்ந்து போயிற்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகை கையில் இருந்தது. கடைக்காரர் ஒருவர் 141 மில்லிமீட்டர் ஹப் ஒன்றைக் காட்டினார். எங்கள் வண்டியின் இடைவெளியோ 135 மில்லிமீட்டர். “சட்டத்தைச் சற்று விரித்தால் போதும்” என்றார் அவர். நாங்கள் இசையவில்லை. அலுமினியச் சட்டத்தை நெம்பி விரித்தால் அது விரிசல் காணக்கூடும். ஓடும் வண்டியில் சட்டம் முறிந்தால் பிள்ளையின் கதி யாது?

ஆதலின், அன்பர்களே, ஹப் வாங்குமுன் ஐந்து செய்திகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அச்சு அமரும் இடத்தின் உள்ளகலம். இது 135, 141, 142, 148 மில்லிமீட்டர் எனப் பலவாறாகும். இரண்டாவது, அச்சின் பருமன். பின்சக்கரத்தில் பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லிமீட்டர். மூன்றாவது, கம்பித் துளைகள். ரிம்மில் 32 எனில் ஹப்பிலும் 32 வேண்டும். நான்காவது, டிஸ்க் பிரேக் தட்டு ஆறு திருகுகளில் நிற்பதா, சென்டர்லாக் முறையில் நிற்பதா என்பது. ஐந்தாவது, பற்சக்கரத் தொகுதி ஏறும் ஃப்ரீஹப்பின் வகை.

இறுதியில் 135 மில்லிமீட்டர் ஹப் ஒன்றையே தேடி வாங்கினோம், விலையும் குறைவு. பழைய கம்பிகளின் நீளம் ஒத்துவருமா என்பதையும் அளந்த பின்னரே சக்கரம் கட்டுவித்தோம். பொருந்தாத உயர்ந்த பண்டத்தினும் பொருந்தும் எளிய பண்டமே குடும்பத்துக்கு நன்மை தரும்.