எழுதி வைக்காத ஒரு பெயர்

கடந்த அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, நூம்பலில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை நெருங்கும் இடத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. ‘பர்மா அத்தோ’ என்று அதன்மேல் எழுதியிருந்தது. மாணவர் சிலர் அதைச் சூழ்ந்து நின்று உண்டுகொண்டிருந்தனர். எண்ணெயில் பொரிந்த பூண்டின் மணம் என்னைத் தடுத்து நிறுத்திற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் நான் பட்ட கடன் ஒன்று அந்த மணத்தோடு எழுந்து வந்தது.

அக்காலத்தில் நான் பூவிருந்தவல்லித் திரு இருதயக் குருமடத்தில் மாணவன். அனுமதி கிடைத்த செவ்வாய்க்கிழமைகளில் பேருந்தேறிப் பாரிமுனைக்குச் செல்வேன். அங்கே அரண்மனைக்காரத் தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயம் உள்ளது. மக்களுக்கோ அது அந்தோனியார் கோயில். செவ்வாய்தோறும் பிற சமயத்தாரும் அங்குத் திரண்டு வருவர். ஆர்மேனிய வணிகர் வாழ்ந்த தெரு அது. அப்பெயரே நம் மக்கள் நாவில் ‘அரண்மனைக்காரர்’ என்று மருவிவிட்டது. 1772இல் எழுந்த அவர்களது ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

செபம் முடிந்து நடந்தால், இரண்டாவது கடற்கரைச் சாலையில் பர்மாத் தமிழரின் வண்டிக்கடைகள். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. அதன்பின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த தமிழர், 1964 முதல் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். தேடிய பொருளின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது. கைப்பக்குவம் மட்டும் உடன்வந்தது. அந்தக் கைப்பக்குவந்தான் அத்தோ. வேகவைத்த நூடுல்சுடன் முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளிக்கரைசல் சேர்த்து, பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஆவி பறக்கும் வாழைத்தண்டுச் சாறு.

நான் வழக்கமாகச் செல்லும் கடையில் மனைவி பிசைவார். கணவர் சாறு ஊற்றுவார். பத்துப் பன்னிரண்டு வயது மகன் தட்டுக் கழுவுவான். ஒருநாள் உண்டு முடித்தபின்னரே, கையில் பேருந்துக் கட்டணம் மட்டும் இருப்பதை உணர்ந்தேன். நாணத்தால் தலைகுனிந்து நின்றேன். அந்த அம்மையார் சிரித்தார். “காசு கெடக்கு தம்பி. எங்கம்மாவ ரங்கூன் மண்ணுல விட்டுட்டு வந்துட்டோம். ஒரு வெளக்கு வைக்கக்கூட அங்க ஆளில்ல. நீங்க சாமியாரானதும் பூசையில ஒரு தடவ அவங்க பேரச் சொல்லுங்க” என்றார். பெயரையும் சொன்னார். “கட்டாயம் சொல்கிறேன்” என்றேன். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இறைவாக்கினர் எலியாவின் பசியாற்றிய சாரிபாத்துக் கைம்பெண்ணும் புறவினத்தாள்தானே! எலியாவின் வாக்கு அவ்வீட்டில் நிறைவேறியது. என் வாக்கோ குருப்பட்டத்தின் ஆரவாரத்தில் கரைந்து போயிற்று.

அடுத்த செவ்வாயன்று பாரிமுனைக்குப் புறப்பட்டேன். கடை அதே தெருவில் இருந்தது. தலை நரைத்த ஒருவர் அத்தோ பிசைந்துகொண்டிருந்தார். தட்டுக் கழுவிய அதே சிறுவன்! தாய் தந்தை இருவரும் காலமாகிவிட்டனராம். ஒரு தட்டு வாங்கி உண்டேன், சுவை மாறவில்லை. பழைய கடனைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவர் வாங்க மறுத்தார். “அம்மா கணக்கே எழுதமாட்டாங்க சாமி. இப்ப நான் எந்தக் கணக்குல வாங்குறது?” என்றார்.

“உங்கள் பாட்டியின் பெயரையாவது சொல்லுங்கள்” என்றேன். அவர் கை நின்றது. சற்று நேரம் யோசித்தார். “ஆயான்னுதான் சொல்லுவோம். பேரு அம்மாவுக்குத்தான் தெரியும்” என்றார்.

நான் என்ன சொல்வேன்? அயல்மண்ணில் புதையுண்ட ஒரு தாயின் பெயர், அவர் மகளுக்கு அடுத்தபடியாக என்னிடந்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதை நான் தொலைத்துவிட்டேன்.

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் நினைவுத் திருப்பலியில், பெயர் சொல்ல இயலாமல் அந்த அன்னையை ஆண்டவரிடம் ஒப்படைத்தேன். மனிதர் மறந்த பெயரை அவர் மறப்பதில்லை என்பதே என் ஆறுதல். ஆயினும் அவருடைய நினைவாற்றல் என் மறதிக்குச் சாக்காகிவிடாது.

அன்புள்ள குடும்பத்தாரே, “உங்களுக்காகச் செபிக்கிறேன்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது வாயுபசாரமன்று; கடன். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்தம் தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர் பெயர்களைக் கேளுங்கள். பிள்ளைகளின் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அப்பெயர்களை அறிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.