கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு காதல்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலடிக்கு பஸ்ஸிலும் வாகனத்திலும் எவ்வளவு சனம் வந்தாலும், சைக்கிளில் வாற சனம் இன்னும் இருக்கிறது. சுற்றியிருக்கிற வளவுகளில் கயிறு கட்டி, இலக்கத் துண்டு குடுத்து, அந்தச் சைக்கிள்களைப் பார்க்கிற வேலை எங்களைப் போன்ற பெடியளுக்குத்தான் வரும். வரிசையில் நிற்கிறவை பெரும்பாலும் லுமாலா. மிச்சம் இந்தியச் சைக்கிள், சீனச் சைக்கிள். இடையில் ஒன்றிரண்டு மட்டும் கறுப்பாய், உயரமாய், கம்பிப் பிறேக்கோடு நிற்கும். றலி. அதைக் கொண்டுவந்த ஐயா, "தம்பி, இதைச் சாய்ச்சுப் போடாதை, ஸ்ராண்டில நிப்பாட்டு" என்று சொல்லி, நாங்கள் நிப்பாட்டினதையும் பார்த்துவிட்டுத்தான் அம்மனிட்டப் போவார்.

இரும்புச் சாமான் ஒன்றில் ஏன் இவ்வளவு பாசம்? "பழசு எண்டால் பழசுதான்" என்ற பதில் எங்களுக்குக் காணாது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம்.

றலி, இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்தில் றலி என்ற தெருவில் 1880களில் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. பிறகு வளர்ந்து, 1932இல் ஹம்பரையும் 1943இல் றட்ஜையும் வாங்கிவிட்டது. பெயின்ற் உரிந்து பெயர் அழிந்துபோன சைக்கிளையும் பழைய ஆட்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவினம். செயின் ஓடுகிற முன் பல்லுச் சில்லில்தான் அடையாளம் இருக்கிறது. றலிக்குக் கொக்குத் தலை, ஹம்பருக்கு ஓடுகிற ஐந்து மனிதர், றட்ஜுக்கு விரித்த கை. மூன்று கியர் உள்ள ஸ்ரேமி ஆர்ச்சர் ஹப் பூட்டியிருந்தால், அது செய்த ஆண்டும் அந்த ஹப்பிலேயே குத்தியிருக்கும். ஊத்தையைத் துடைத்துவிட்டு வயதை வாசிக்கலாம்.

ஆனால் சைக்கிள் கடை ஐயா எங்களுக்குச் சொன்ன காரணம் அடையாளமோ அழகோ இல்லை. "இதில கழட்டேலாத சாமான் எண்டு ஒண்டும் இல்லையடா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பெடல் தண்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கொட்டர் பின். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் கழரும். ஹப்பைத் திறந்து குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் வைத்துத் திரும்பப் பூட்டலாம். பிரேம் உருக்குக் குழாய். நெளிந்தால் நிமிர்த்தலாம், வெடித்தால் ஒட்டலாம். சில்லு 28 இற்கு ஒன்றரை அளவு. இந்தியாவில் ஓடுகிற உயரமான சைக்கிள்களுக்கும் அதே அளவுதான் என்பதால், டயர் இன்றைக்கும் புதிதாக வருகிறது. இங்கிலாந்தில் செய்த சைக்கிள் ஐம்பது அறுபது வருசம் கழித்தும் வன்னியில் ஓடுவதற்கு அந்த டயர் ஒரு பெரிய காரணம்.

ஒரே ஒரு கரைச்சல் உண்டு. றலியின் சில புரிகள் மற்றச் சைக்கிள்களோடு சேராது. அங்குலத்துக்கு 26 புரி என்பது றலியின் சொந்தக் கணக்கு. அதனால் பெடல் தண்டுக்குள் இருக்கிற கிண்ணம் பழுதானால் இன்னொரு பழைய றலியைத்தான் தேடவேண்டும். ஐயாவின் தகர டின்னுக்குள் அப்படிக் கழற்றின கிண்ணங்கள் கனக்கக் கிடக்கின்றன.

இந்த வருத்தம் எங்களுக்கு மட்டும் பிடித்ததில்லை. எங்கட சொந்தக்காரர் கனபேர் இருக்கிற சுவிஸில், பனிச்சறுக்குக்காரர் பழைய சப்பாத்துகளைத் தேடித் திரிகிறார்கள். றைக்லெ என்ற சுவிஸ் கம்பனியின் பிளெக்சன் சப்பாத்து 1980களில் வந்தது. ஓடு, மேற்கட்டு, நாக்கு என்று மூன்று துண்டு. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். அந்த வடிவத்தில் சனம் வைத்த ஆசையால், பிறகு இன்னொரு கம்பனி அதைத் திரும்பச் செய்து விற்றது. ஆனால் அங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தப் பிளாஸ்ரிக், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் உள்ளுக்குள் உக்கும். வெளியில் புதிதுபோல இருக்கிற சப்பாத்து, மலைச் சரிவில் போகும்போது திடீரென்று வெடித்துவிடும். றலி அப்படிச் செய்யாது. உடைய முதல் கிறீச்சிடும், ஆடும், கறள் காட்டும். கேட்கக் காது இருந்தால் போதும்.

இதையெல்லாம் ஆசைக் கதையாக மட்டும் எங்களால் எழுத முடியாது. வன்னியில் சைக்கிள் ஓடினது பெற்றோல் இல்லாததால். தொண்ணூறுகளில் கரண்டும் பற்றரியும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் எங்கட அப்பாமார். இடம்பெயர்வில் அரிசி மூட்டை கரியரில், பிள்ளை பாரில். அந்த நாட்களில் சைக்கிளை உழக்கினதைவிட உருட்டினதுதான் கூட. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வெளியேறின சனம், உருட்டி வந்த சைக்கிளையும் விட்டுவிட்டுத்தான் வந்தது. பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் அவை குவியலாய்க் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது எங்கட ஊரில் ஓடுகிற றலிகளில் சில யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்தவை. சில, கறள் பிடித்த பிரேமுக்கு வேறு சில்லுப் பூட்டி உயிர் குடுத்தவை.

எங்கட அம்மாமாரைக் கேட்டால் இன்னொரு கதை சொல்லுவினம். அவைக்கு றலியில் பெரிய காதல் இல்லை. பார் உயரம், பாரம் கூட, சீலையோடு ஏற முடியாது. மீள்குடியேற்றத்தில் வடக்குச் சனத்துக்கு இந்திய அரசு 10,000 சைக்கிள் குடுத்தது. ஆம்பிளை இல்லாமல் ஊருக்குத் திரும்பின எத்தனையோ வீடுகளில், வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடினது அப்படி வந்த சாதாரணச் சைக்கிள்கள்தான். அவற்றை யாரும் படம் எடுத்து முகநூலில் போடுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிமிர்த்தின கணக்கில் அவை றலிக்குக் குறைந்தவை இல்லை.

2022இல் திரும்பவும் பெற்றோல் இல்லாமல் போனது. கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அப்போது கோடிப்பக்கத்தில் சாய்ந்து கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியில் வந்தன. கடை ஐயாவுக்கு ஓய்வே இல்லை. அந்த மாதங்களில்தான் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். ஒட்டுப் போட, சில்லின் நெளிவு எடுக்க, கொட்டர் பின் தட்ட, ஊரில் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

இப்போது றலிக்கு நல்ல விலை. சேர்த்து வைக்கிற ஆட்கள் வீட்டுக்கே வந்து கேட்கிறார்கள். விற்கிறவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், பிள்ளையின் படிப்புக்கு விற்கிறவரும் இருக்கிறார். ஆனால் மினுக்கி, சுவரில் தொங்கவிட்ட றலியைப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. கழற்றிப் பூட்டலாம் என்பதற்காகத்தானே அதை விரும்பினோம்? கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு கை இல்லாமல் போனால், மிச்சம் இருக்கப்போவது கறுப்புப் பெயின்ற் அடித்த இரும்பு.

அதனால் நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் ஐயாவின் கடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். எங்களில் இரண்டு பேர் பெட்டையள். முதல் மாதம் முழுக்க ஒட்டுத்தான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கிறது, உரஞ்சுகிறது, பசை காயும் மட்டும் பொறுத்திருக்கிறது. அந்தப் பொறுமைதான் எங்களுக்கு வருதில்லை. கம்பி முறுக்கி நெளிவு எடுக்கிறது அடுத்தது என்று ஐயா சொல்லியிருக்கிறார். அதுக்கு றலிச் சில்லைத் தரமாட்டாராம். லுமாலாச் சில்லில் பழகிவிட்டு வரட்டாம்.