மெத்தென்ற வயிறு

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் புரண்டு அலறியதைவிட, அவர் வயிறு மெத்தென்று இருந்ததுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. அவ்வளவு வலிக்கிற வயிறு கல்லாக அல்லவா இருக்க வேண்டும்? "வாய்வுதான்டா, ஒரு சோடா வாங்கியா" என்றார். திண்டிவனம் பெட்டிக்கடைகளில் கோலி சோடா கிடைத்த காலம்.

மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் களத்திலேயே உட்கார்ந்து பச்சைக்காயாக உரித்துத் தின்பார். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று பெரியம்மாவுக்குப் பெருமை. நெஞ்சுதான் அவ்வப்போது படபடக்கும். தடவிக்கொண்டே வரப்பில் உட்காருவார். அதற்கும் வயிற்றுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடித்தால் உள்ளே தேங்கும் ரத்தம் உறைகிறது. அதில் ஒரு துணுக்கு கிளம்பிப் போய், சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனியை அடைத்துவிடும். தலைமடை அடைத்தால் கடைமடை காயும், அவ்வளவுதான். குடல் உள்ளே துடிக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வயிறு இறுகும்போது குடல் அழுகத் தொடங்கியிருக்கும். ஆறு மணி நேரம் போனால் மீட்பது அரிது. 1951-லேயே கிளாஸ் என்ற அறுவை மருத்துவர் தமனியைத் திறந்து கட்டியை எடுத்துக் குடலைக் காப்பாற்றலாம் என்று காட்டியிருந்தார். எங்களுக்கு அதெல்லாம் பிறகு தெரிந்தது.

அப்போது 108 கிடையாது. வாடகை வேனில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கிளியனூர் தாண்டியதும் அவர் சத்தம் அடங்கியது. வலி விட்டுவிட்டது என்று பெரியம்மா மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். வலி அடங்கியது குடல் செத்ததால். "கறுத்துப்போச்சு" என்றார் வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர்.

இப்போது விழுப்புரம் போகிற பேருந்து விக்கிரவாண்டி தாண்டினால், முண்டியம்பாக்கத்தில் 2010-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி சாலையோரத்திலேயே தெரிகிறது. பெரியப்பாவுக்குப் பிந்தி வந்த கட்டடம். ஆனாலும் நேரத்தோடு வருகிறவர்களுக்குத்தான் எந்த ஆஸ்பத்திரியும் உதவும்.

வீட்டில் நாடி தாளம் தப்பும் பெரியவர் இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால், வயிறு இளகியிருக்கிறதே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அழைத்துப் போங்கள். போனதும், இதயக் கோளாறு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.