செங்கல்வராயன்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில்பாதையில் உள்ள திருத்தணிகை, பிள்ளைகளுக்குப் பெயர்களை வாரி வழங்கிய ஊர். தணிகாசலம், தணிகைவேலு என்பவை எளிதில் விளங்கும். செங்கல்வராயன் என்றாலோ, கேட்போர் செங்கல்லை நினைத்துப் புன்னகை செய்கிறார்கள். செங்கல்லுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! நாம் செங்கழுநீர் என்னும் பூவைத் தெலுங்கர் செங்கல்வ என்பர். அப்பூச் சுனையுடைய மலைக்கு அரசனாதலால் முருகனுக்கு இத்திருநாமம். இந்திரன் இங்கே சுனையில் பூ வளர்த்துப் பூசித்தான் என்பது புராணம்.

திருப்புகழ்ப் பாடல்களைச் சுவடிகளிலிருந்து திரட்டிப் பதிப்பித்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை, 1883-இல் பிறந்த தம் மைந்தருக்கு இப்பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அவர் 'தணிகைமணி' எனப் புகழ்பெற்று, அதே திருப்புகழுக்கு உரை வகுத்தார். தந்தை விரும்பி இட்ட பெயர் வீண்போகவில்லை.

சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணிகை 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. ஊருக்காக இருதிறத்தாரும் வழக்காடினார்கள், பெயருக்காக வழக்கில்லை. எல்லைக்கு அப்பால் செங்கல்ராயுடு, இப்பால் செங்கல்வராயன். வகுப்பில் தினமும் பெயர் வாசிப்பது என் உத்தியோகம். இப்பெயரை வாசித்து வருஷங்கள் பல ஆகின்றன.