இது யாருடைய முறை?

சண்டை விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச்செடுத்தால் முதலில் ஒரு புன்னகை எதிர்ப்படும். இரண்டு பொம்மைகள் திரையில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பதே அப்புன்னகையின் பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்மண் தெரியாமல் பொத்தான்களை அழுத்தும் வேலையாகவும், கைவேகம் மிக்க இளைஞர்களுக்கே உரிய களமாகவும் தோன்றுவது இயல்பு. ஆனால் இவ்விளையாட்டுகளுக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது. அதுவும் யாப்பைப் போலக் கால அளவுகளின் மேல் நிற்பது. ஆட்டக்காரர்கள் அதை ‘ஃப்ரேம் டேட்டா’ என்பார்கள். நாங்கள் நால்வர் வார இறுதிகளில் கூடி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆடிவருகிறோம். அந்த இலக்கணத்தைக் கற்றது எங்கள் ஆட்டத்தை மாற்றியது என்பதைவிட, எங்களுக்குள் வளர்ந்துகொண்டிருந்த ஒரு மனத்தாங்கலைத் தீர்த்தது என்பதே பொருத்தம்.

முதலில் அளவையைச் சொல்லிவிடலாம். திரைப்படம் பொதுவாக நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. இவ்விளையாட்டுகள் நொடிக்கு 60 படங்களாக ஓடுகின்றன. அதில் ஒரு படமே ஒரு ஃப்ரேம். ஏறத்தாழ 17 மில்லிநொடி. நம் இலக்கண ஆசிரியர்கள் ஒலியின் நீளத்தை அளக்க மாத்திரை என்னும் அலகைக் கொண்டு, கண் இமைக்கும் நேரத்தாலும் விரல் நொடிக்கும் நேரத்தாலும் அதை விளக்கினார்கள். அந்த இமைப்பு ஒன்றுக்குள் குறைந்தது ஆறு ஃப்ரேம்களாவது கடந்துபோய்விடும். ஆட்டத்துக்குள் இதைவிடச் சிறிய காலம் கிடையாது. எந்த அடியும் முழு ஃப்ரேம்களாலேயே அளக்கப்படுகிறது.

ஒவ்வோர் அடிக்கும் மூன்று பருவங்கள் உண்டு. பொத்தானை அழுத்தியதிலிருந்து கை நீண்டு, அடியாக உருக்கொள்ளும்வரை ஒன்று. எதிராளி மேல் பட்டால் அடியாகும் சில ஃப்ரேம்கள் இரண்டாவது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும்வரை மூன்றாவது. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இவற்றை ஹஸ்ஸெய், ஜிஸோகு, கோச்சோகு என்கிறார்கள். தமிழில் பிறப்பு, நிலைப்பு, விறைப்பு எனலாம். விறைப்பு என்னும் சொல்லை எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடித்தவன் அந்நேரத்தில் உண்மையாகவே விறைத்துத்தான் நிற்கிறான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவனுக்கு உடல் இணங்காது.

முன்பெல்லாம் இக்கணக்கை அறிய ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்து, படம் படமாக நகர்த்தி எண்ணியவர்கள் இருந்தார்கள். அவர்கள் தொகுத்த அட்டவணைகள் ஏடுகளைப் போலக் கைமாறின. 2023 ஜூனில் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ பயிற்சிக் களத்திலேயே ஓர் அளவுகோலை வைத்துவிட்டது. பிறப்புக்குப் பச்சை, நிலைப்புக்குச் சிவப்பு, விறைப்புக்கு நீலம் எனக் கட்டம் கட்டமாகத் திரையின் அடியில் ஓடும். எண்ணத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம்.

இக்கணக்கின் மையம் தடுப்பில் இருக்கிறது. அடியைத் தடுத்தவனும் சிறிது நேரம் விறைத்து நிற்கிறான். அடித்தவனும் விறைத்து நிற்கிறான். இருவரில் முதலில் விடுபடுபவர் யார் என்பதே கேள்வி. ஓர் உதை தடுக்கப்பட்டபின் தடுத்தவன் 16 ஃப்ரேமும் உதைத்தவன் 20 ஃப்ரேமும் விறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உதைத்தவனுக்கு நான்கு ஃப்ரேம் பின்னடைவு. ரியூ என்னும் பாத்திரத்தின் இலேசான குத்து நான்காம் ஃப்ரேமில் அடியாகிறது. ஆகவே தடுத்தவன் ரியூவாக இருந்து, கை எட்டும் தொலைவில் நின்று, விடுபட்ட கணத்திலேயே குத்தினால் அது பட்டே தீரும். உதைத்தவனால் செய்யக்கூடியது எதுவுமில்லை. பின்னடைவு மூன்றாக இருந்தால் கதை வேறு. குத்து வந்துசேரும்போது உதைத்தவன் தடுக்கத் தயாராகியிருப்பான். ஒரே ஒரு ஃப்ரேம், அறுபதில் ஒரு பங்கு நொடி, உறுதிக்கும் ஐயத்துக்கும் நடுவே நிற்கிறது.

இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஃப்ரேம் கணக்கு ‘என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்வதில்லை. ‘இது யாருடைய முறை’ என்று சொல்கிறது. பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் மூச்சு வாங்கும் இடம் எது, மற்றவர் எங்கே புகலாம், எங்கே புகுந்தால் அடிபடுவார் என்பது போன்ற அறிவு இது.

இனி அந்த மனத்தாங்கலுக்கு வருவோம். எங்கள் நால்வரில் மூத்தவர் ஐம்பதைக் கடந்தவர், இளையவருக்கு இருபத்திரண்டு. இளையவர் தாழ்ந்து காலை வாரும் உதையை ஓயாமல் ஆடுவார். நெருங்கினால் பிடித்து வீழ்த்துவார். மூத்தவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். “என் கண்ணுக்குத் தெரிவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. இது உங்கள் வயதுக்கான ஆட்டம்” என்று ஒருநாள் சொன்னார். பிறகு வாரந்தவறாமல் வந்தவர் மாதம் ஒருமுறை வரலானார். வந்தாலும் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். தோல்வியைவிட, தம் உடல் தம்மைக் கைவிட்டுவிட்டது என்னும் எண்ணமே அவரை வருத்தியது.

பல வீடுகளில் இத்தகைய சூழலில் சட்டம் போடுவார்கள்: பிடித்து வீழ்த்தக் கூடாது, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஆடக் கூடாது என்று. டேவிட் சர்லின் என்னும் ஆட்டக்காரர் இந்த மனப்பான்மையை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆட்டத்தில் இல்லாத விதிகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, அவற்றை மீறுபவரை நேர்மையற்றவர் என்பவர்களால் ஆட்டத்தைக் கற்க முடியாது என்பது அவர் வாதம். எங்களுக்கும் இளையவரைக் கட்டிப்போட மனமில்லை. மூத்தவரும் சலுகை வேண்டாம் என்றார். எஞ்சியது கணக்கு ஒன்றுதான்.

கணக்கைப் பார்த்ததும் எங்களுக்குப் புலப்பட்டது இது. எளிய தூண்டுதல் ஒன்றைக் கண்ணால் கண்டு கையால் எதிர்வினை புரிய மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். அதாவது 12 முதல் 15 ஃப்ரேம். ரியூவின் குத்து நான்காம் ஃப்ரேமில் படுகிறது, பிடிப்பு ஐந்தில். இவற்றைப் பார்த்துத் தடுத்தவர் உலகில் எவருமில்லை, இருபது வயதுக்காரர் உட்பட. மறுமுனையில் ‘டிரைவ் இம்பாக்ட்’ என்னும் பேரடி 26 ஃப்ரேம் எடுத்துக்கொள்கிறது. 430 மில்லிநொடிக்குச் சற்று மேல். விழிப்போடு இருந்தால் ஐம்பது வயதிலும் பதில் சொல்லலாம். இவை இரண்டுக்கும் நடுவே, 15க்கும் 25க்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இளமை வெல்கிறது. வயது பறித்துக்கொண்டது இந்த நடுநிலத்தின் ஒரு பகுதியை மட்டுமே. அதற்கு இப்பாலும் அப்பாலும் இருவரும் சமம்.

மூத்தவர் ஒரு குறிப்பேடு வாங்கினார். இளையவர் அடிக்கடி ஆடும் அடிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தடுக்கப்பட்டால் என்ன பின்னடைவு என்பதைப் பயிற்சிக் களத்தில் பார்த்து எழுதிக்கொண்டார். காலை வாரும் உதைக்கு ஏறத்தாழ பத்து ஃப்ரேம் பின்னடைவு இருந்தது. ஆனால் இளையவர் அதைக் கால்நுனி மட்டும் படும் தொலைவிலிருந்தே ஆடுவார். அங்கிருந்து இலேசான குத்து எட்டாது. பத்து ஃப்ரேம் கையிலிருந்தும் கை எட்டாவிட்டால் பயனில்லை. ஆகவே நீண்டு பாயும் மற்றோர் அடியைத் தேர்ந்து, அது பத்துக்குள் பிறக்கிறதா என்று சரிபார்த்து, அதை மட்டும் மூன்று வாரம் பழகினார். நடுநிலத்து அடிகளுக்குப் பார்த்துப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, அவை எட்டாத தொலைவில் நிற்கப் பழகினார்.

அடுத்து ஆடியபோது இளையவரின் உதை மூன்று முறை தடுக்கப்பட்டு, மூன்று முறையும் தண்டிக்கப்பட்டது. “எப்படிண்ணே இவ்வளவு சீக்கிரம் பார்த்தீங்க?” என்று கேட்டார். “பார்க்கவே இல்லை, தம்பி. நீ உதைத்து முடித்ததும் என் முறை என்று தெரியும், அவ்வளவுதான்” என்றார் மூத்தவர். அதன் பிறகு இளையவர் அந்த உதையை யோசித்தே ஆடத் தொடங்கினார். சட்டம் போட்டுச் செய்ய முடியாததை எண்கள் செய்துவிட்டன.

இந்த இலக்கணத்தின் சில பகுதிகள் தற்செயலாகப் பிறந்தவை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1991இல் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ உருவானபோது, காரை அடித்து நொறுக்கும் இடைச்சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு, ஓர் அடிக்குப்பின் இன்னோர் அடியை இடைவெளியின்றிச் செலுத்த முடிவதைக் கண்டார். அதற்கு வேண்டிய காலக்கணிப்பு மிகக் கடினம் என்று எண்ணி, மறைபொருளாக அப்படியே விட்டுவிட்டார். இன்று ‘காம்போ’ இல்லாத சண்டை விளையாட்டை நினைத்துப் பார்க்க இயலாது.

எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் ஆட்டத்தில் மனிதருக்கு இடமிராதே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 2004ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியை இதற்கு விடையாகச் சொல்லலாம். ஆட்டம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக்’. டைகோ உமெஹாராவின் பாத்திரத்துக்கு உயிர் நூலிழையளவே மிஞ்சியிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலே அதன் சிறு சேதத்தில் இறந்துவிடும் நிலை. எதிரே ஜஸ்டின் வாங் சுன்-லியின் பதினைந்து அடித் தொடரை ஏவினார். உமெஹாரா ஒவ்வோர் அடியும் படும் கணத்தில் கைப்பிடியை எதிராளியை நோக்கித் தட்டி, பதினைந்தையும் முறியடித்து, திரும்பத் தாக்கி அச்சுற்றை வென்றார். காணொளியைப் பார்ப்பவர் அவருடைய கைவேகத்தை வியப்பார். கணக்கு அறிந்தவர் வேறொன்றை வியப்பார். முதல் அடியைக் கண்டபின் தட்ட நேரமில்லை. அது வரப்போகிறது என்று முன்பே உணர்ந்து தட்டியாக வேண்டும். அந்த ஒரு தட்டலில் உமெஹாரா படித்தது திரையை அல்ல, அருகில் இருந்த மனிதரை. எண்கள் தெரியாவிட்டால் இந்த வேறுபாடே நமக்குப் புலப்பட்டிராது.

உறுதியான இடங்களை எண்கள் எடுத்துக்கொண்டபின் எஞ்சும் ஐயத்தின் நிலமே மெய்யான ஆட்டக்களம். இரண்டு ஃப்ரேம் பின்னடைவில் இருப்பவன் அடங்கி நிற்பான் என்று கணக்கு எதிர்பார்க்கிறது. ஆனால் இவன் அடங்குபவனா, துணிபவனா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. யாப்பு தெரிந்தவரெல்லாம் கவிஞர் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் ஓசை எங்கே தட்டுகிறது என்று கேட்கும் செவி அவருக்கு வாய்த்துவிடுகிறது.

புதிதாக ஆட வருபவர் முழு அட்டவணையையும் கற்க வேண்டியதில்லை. தம்முடைய மிக விரைவான அடி எந்த ஃப்ரேமில் பிறக்கிறது, தாம் மிகவும் விரும்பி ஆடும் அடி தடுக்கப்பட்டால் என்ன பின்னடைவு, எதிராளி மிகுதியாக ஆடும் அடிக்கு என்ன பின்னடைவு: இம்மூன்று எண்கள் போதும். விளையாட்டைப் புதுப்பிக்கும்போது நிறுவனம் எண்களை மாற்றுவதும் உண்டு. அப்போது மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூத்தவர் இப்போதும் வெல்வதைவிடத் தோற்பதே அதிகம். ஆனால் எந்தத் தோல்விக்கும் அவர் வயதைக் காரணம் சொல்வதில்லை. எந்த அடியில் முறை கைமாறியது என்று சொல்கிறார். வாரந்தவறாமல் வருகிறார்.