ஸ்டவ் வெடித்தது

நாளிதழ்களின் உள்பக்க மூலைகளில் நாம் ஆண்டுக்கணக்கில் வாசித்த வாக்கியம் இது. பக்கத்துப் பத்தியில் தங்கத்தின் விலை இருக்கும்.

லான்செட் இதழில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயினால் இறந்தோர் 1,63,000க்கும் மேல் என்று மதிப்பிட்டது. அவர்களுள் 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்கள். அவ்வயதினரில் ஓர் ஆண் இறந்தால் மூன்று பெண்கள் இறந்தார்கள். காவல்துறைக் கணக்கைப்போல் இம்மதிப்பீடு ஆறு மடங்கு. எஞ்சிய ஐந்து பங்கும் காவல்துறை ஏட்டில் ஏறாமல் எரிந்து போயிருக்கிறது.

பம்ப் ஸ்டவ் வெடிப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. எரியும்போதே மண்ணெண்ணெய் ஊற்றினால் தீப்பற்றும். நைலான் சேலை உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஆயினும் அடுப்பு வீட்டுக்கெல்லாம் பொது. மாமியாரும் அதில்தான் பால் காய்ச்சுகிறார். புதிதாக வந்தவளை மட்டும் அது தேடிப்பிடிப்பது எப்படி?

2003இல் உறவுப்பெண் ஒருத்திக்காக அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவு வாசலில் பதினோரு நாட்கள் இருந்தோம். ஆண்கள் பகுதிக் கதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்: மின்கம்பி, வெல்டிங் பட்டறை, பட்டாசு மருந்து, கொதிக்கும் தார். இடம், நேரம், முதலாளியின் பெயர் வரை சொன்னார்கள். நட்டஈடு கேட்க வேண்டுமல்லவா? பெண்கள் பகுதியில் ஊரும் பேரும் மாறின, கதை மாறவில்லை. அதையும் பெரும்பாலும் கணவனோ மாமியாரோதான் சொன்னார்கள்.

உடலில் அறுபது, எழுபது விழுக்காடு வெந்தவர்கள்கூட முதல் சில நாட்கள் தெளிவாகப் பேசுகிறார்கள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகள் அழிந்துவிடுவதால் அங்கே வலி குறைவு. பிழைத்துவிடுவாள் என்று நம்பத் தோன்றும். நோய்த்தொற்று பிறகு வருகிறது. அந்த இடைவெளியில்தான் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் பெறுகிறார். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் இத்தகைய சாவுக்கென 1986இல் சேர்க்கப்பட்ட 304பி பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவு) எவ்வளவு வலுவானதாயினும், படுக்கையில் கிடப்பவளின் சொல்லையே முதலில் நாடுகிறது.

எங்கள் பெண்ணும் ஸ்டவ் என்றுதான் சொன்னாள். அவர்கள் வீட்டில் காஸ் அடுப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாஜிஸ்திரேட்டுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவர் எழுதி, வாசித்துக் காட்டி, வெந்துபோகாத இடக்கால் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போனார். எங்களில் மூத்தவர் அருகில் குனிந்து, "ஏம்மா இப்படிச் சொன்னே?" என்று கேட்டார். மூன்று வயது மகள் புகுந்த வீட்டில் இருந்தாள்.

"பாப்பா ராத்திரி யார்கூடப் படுக்கறா, பெரியம்மா?" என்றாள் அவள்.